வெளியே தெரியாத வாய் எரிச்சலும் ஒரு வாய் மருத்துவப் பிரிவும்: நோயாளியின் மதிப்புரை

வாயில் புண் இல்லை, வீக்கம் இல்லை, சிவப்புகூட இல்லை. ஆனாலும் நாக்கின் நுனியும் ஓரங்களும், மேல் அண்ணத்தின் முன்பகுதியும், கீழுதட்டின் உட்புறமும் நாள்தோறும் மணிக்கணக்கில் எரிந்து காந்துகின்றன. மருத்துவர்கள் 'பர்னிங் மவுத் சிண்ட்ரோம்' என்று அழைக்கும் இந்த நீடித்த வாய் எரிச்சலுடன் வாழும் பலருள் நானும் ஒருத்தி. இதற்காக நான் சிகிச்சை பெற்றுவரும் வாய் மருத்துவப் பிரிவைப் பற்றியது இந்த மதிப்புரை. அது பல் மருத்துவமனை ஒன்றுக்குள் இயங்குகிறது. அதன் பெயரை இங்கே தரவில்லை. இத்தகைய பிரிவிடம் எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது தெரிந்தால், எந்த ஊரில் இருப்பவருக்கும் அது பயன்படும் என்பதால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயைக் கண்டறிவதிலும் அதை நோயாளிக்குப் புரியவைப்பதிலும் இந்தப் பிரிவு மிகச் சிறந்தது. மருந்து தருவதில் நேர்மையானது. ஆனால் எழுத்து வடிவிலான வழிகாட்டல், மருந்தகத்துடனான ஒருங்கிணைப்பு, தொடர் கண்காணிப்பு ஆகிய மூன்றிலும் கவலைக்குரிய குறைகள் உள்ளன. எரிச்சலை அடியோடு போக்கிவிடுவார்கள் என்ற எண்ணத்துடன் செல்பவர் ஏமாற்றம் அடையலாம். இந்த எரிச்சல் என்ன, எது அல்ல, இதனுடன் எப்படி வாழ்வது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ள விரும்புபவருக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

இங்கு வந்துசேர்வதற்கு முன் இந்நோயாளிகளில் பெரும்பாலானோர் கடந்துவரும் பாதையையும் சொல்ல வேண்டும். அது தெரியாமல் இந்தச் சேவையின் மதிப்பு விளங்காது. முதலில் வாய்ப்புண் என்று கருதி ஒரு களிம்பு தரப்படும். பிறகு வைட்டமின் குறைபாடு என்று மாத்திரைகள், அதற்கும் பிறகு பூஞ்சைத் தொற்று என்று சொட்டு மருந்து. எதற்கும் எரிச்சல் அடங்காதபோது, "வாயில் ஒன்றுமே இல்லையே, நீங்கள்தான் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்ற சொல் வரும். எனக்கும் அப்படித்தான் நடந்தது. கண்ணுக்குத் தெரியாத வலியை வலியே இல்லை என்று சொல்லும்போது நோயாளி தன் உடலை நம்புவதா, மருத்துவரை நம்புவதா என்று தவிக்கிறார். வெளியே சொல்லாவிட்டாலும், இது புற்றுநோயாக இருக்குமோ என்ற அச்சம் உள்ளே குடியேறிவிடுகிறது. இவற்றையெல்லாம் விடக் கொடியது, எரிச்சலுக்குக் காரணம் பல்தான் என்று முடிவுகட்டி நல்ல பற்களைப் பிடுங்கிவிடுவதும் வேர்ச் சிகிச்சை செய்துவிடுவதும். மாத்திரையை நிறுத்திவிடலாம், பிடுங்கிய பல்லைத் திரும்ப வைக்க முடியாது. இந்தப் பிரிவின் மருத்துவர் முதல் நாளிலேயே, காரணம் உறுதியாகத் தெரியும்வரை எரிச்சலுக்காக எந்தப் பல்லிலும் கைவைக்க வேண்டாம் என்று சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

முதல் சந்திப்பில் பெரும்பகுதி நேரம் வாயைத் திறக்கச் சொல்லவே இல்லை. கேள்விகள்தான் கேட்கப்பட்டன. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணத்தைக் கேட்டால் சொல்லவும் செய்தார்கள். காலையில் கண்விழிக்கும்போது எரிச்சல் உண்டா, பகல் ஏற ஏறக் கூடுகிறதா, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா என்று முதலில் கேட்டார்கள். லேமி, லூயிஸ் என்னும் இரு மருத்துவர்கள் 1989இல் இந்த எரிச்சலை மூன்று வகையாகப் பிரித்தார்கள். எழும்போது இல்லாமல் இருந்து பகல் போகப்போக வளர்ந்து மாலையில் உச்சத்தை அடைவது ஒரு வகை. விழித்தது முதல் படுக்கும்வரை ஒரே சீராக இருப்பது மற்றொன்று. சில நாள் முற்றிலும் விலகிச் சில நாள் திரும்பிவருவது மூன்றாவது. இந்த வகைப்பாடு மட்டுமே சிகிச்சையைத் தீர்மானிப்பதில்லை. ஆயினும், விட்டுவிட்டு வரும் எரிச்சலுக்குப் பின்னால் ஒவ்வாமை போன்ற புறக்காரணம் இருக்கிறதா என்று கூடுதலாகத் தேட வேண்டும் என்ற குறிப்பு அதில் கிடைக்கிறது.

அடுத்து, உண்ணும்போது என்ன ஆகிறது என்று கேட்டார்கள். வாயில் உண்மையான புண் இருந்தால் உணவு பட்டதும் வலி கூடும். இந்நோயிலோ பலருக்கு மெல்லும் நேரத்தில் எரிச்சல் குறைகிறது, சிலருக்கு மறைந்தேவிடுகிறது. நான் நெடுநாள் கவனித்திருந்தும் யாரிடமும் சொல்லத் துணியாத விஷயம் இது. சொன்னால் வலியே பொய் என்று நினைப்பார்களோ என்று அஞ்சியிருந்தேன். "அது பொய் இல்லை அம்மா, அதுதான் எங்களுக்கு வேண்டிய தகவல்" என்று அந்த மருத்துவர் சொன்னபோது எனக்குக் கிடைத்த ஆறுதல் எந்த மருந்தாலும் கிடைத்ததில்லை. வாய் உலர்ந்தது போல் இருக்கிறதா, கசப்போ உலோகச் சுவையோ நாவில் தங்குகிறதா, எரிச்சல் இரு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா, மாதவிடாய் நின்று எவ்வளவு காலம் ஆகிறது என்றும் விசாரித்தார்கள். இந்நோய் எந்த வயதினருக்கும் வரலாம் என்றாலும், மாதவிடாய் நிற்கும் காலத்திலும் அதன் பின்னரும் உள்ள பெண்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது.

பரிசோதனையும் நிதானமாகவே நடந்தது. நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்து இரு ஓரங்களையும் அடிப்பகுதியையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்தார்கள். வெள்ளைக் கோடுகள் பின்னியிருக்கும் லைக்கன் பிளானஸ், இடம் மாறிக்கொண்டேயிருக்கும் திட்டுக்கள் கொண்ட வரைபட நாக்கு, தேய்ந்து வழவழப்பாகிப்போன நாக்கு, பூஞ்சைப் படலம், பல்செட் உரசிய தடம் ஆகிய ஒவ்வொன்றும் உண்டா இல்லையா என்று அருகில் இருந்த பயிற்சி மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லிக் குறித்துக்கொள்ளச் செய்தார்கள். பிறகு பஞ்சு நுனியாலும் மழுங்கிய ஊசியாலும் முகத்தின் இரு பக்கங்களிலும் நாக்கின் இரு பக்கங்களிலும் தொட்டு உணர்வை ஒப்பிட்டார்கள். எரிச்சல் ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ, அதனுடன் மரத்துப்போதல் இருந்தாலோ அது வேறு கதை. அப்போது நரம்பின் பாதையையும் மூளையையும் படமெடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். கழுத்தில் கட்டிகள் உள்ளனவா என்று தடவிப் பார்த்ததும், அப்படி எதுவும் இல்லை என்று உடனே சொன்னதும் மேலே நான் குறிப்பிட்ட அச்சத்தைப் பாதியாகக் குறைத்தன. கடைசியாக ஒரு சிறு குவளையில் உமிழ்நீரை மெதுவாக வழியவிடச் சொல்லி, நேரம் பார்த்து அளந்தார்கள். தூண்டுதல் இல்லாத நிலையில் நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டருக்கும் குறைவாகச் சுரந்தால்தான் அது உண்மையான உமிழ்நீர்க் குறைவு. வாய் உலர்ந்திருப்பதாக உணரும் இந்நோயாளிகளில் பலருக்குச் சுரப்பு இயல்பான அளவிலேயே இருக்கிறது. உணர்வு ஒன்று, அளவு ஒன்று. இரண்டையும் தனித்தனியே பார்க்கும் பொறுமை இங்கே இருந்தது.

இதன் பின்னரே இரத்தப் பரிசோதனைகள். முழு இரத்த எண்ணிக்கை, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் பி12, ஃபோலேட், துத்தநாகம், இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, தைராய்டு ஆகியவற்றுடன் பஞ்சுக் குச்சியால் எடுத்த பூஞ்சைச் சோதனையும் எழுதப்பட்டது. கண்ணும் வாயும் சேர்ந்து உலர்பவர்களுக்கு உடலின் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பிகளையே தாக்கும் ஷோக்ரன் நோய்க்கான எதிர்பொருள் சோதனையையும் சேர்ப்பார்களாம். இவ்வளவும் தேவையா என்று ஒருவர் கேட்கலாம். தேவைதான் என்பது என் கருத்து. இரும்பும் பி12உம் குறைந்தவருக்கு நாக்கு எரியும். கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவும் குறைந்து சுரக்கும் தைராய்டும் வாயை எரியச் செய்யும். நெஞ்சிலிருந்து எதுக்களித்து வரும் அமிலமும் செய்யும். கேப்டோபிரில், எனாலபிரில், லிசினோபிரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளால் வாய் எரிச்சல் ஏற்பட்டு, மாத்திரையை மாற்றியதும் நீங்கிய நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளனர். இப்படிப்பட்ட காரணம் கிடைத்துவிட்டால் நோயாளி அதிர்ஷ்டசாலி. அந்த எரிச்சல் வேறொரு நோயின் விளைவு. காரணத்தைச் சரிசெய்தால் அதுவும் அடங்கும். அதைத் தேடாமலே 'நரம்புக் கோளாறு' என்று முத்திரை குத்திவிடுவது நோயாளிக்குச் செய்யும் அநீதி. மாறாக, சோதனையே செய்யாமல் சத்து மாத்திரைகளை மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருப்பதும் சரியன்று. பைரிடாக்சின் என்னும் பி6 வைட்டமினை மிகுந்த அளவில் நெடுங்காலம் எடுத்துக்கொண்டால் அதுவே நரம்புகளைக் கெடுக்கும் என்பதை இங்கேதான் அறிந்தேன். 'நரம்புக்கு நல்லது' என்று விற்கப்படும் பல கூட்டு மாத்திரைகளில் பி6 இருக்கிறது என்பதால், அதன் அளவைப் பார்த்து வாங்குவது அவசியம்.

என் சோதனைகள் எல்லாம் இயல்பாக வந்தன. சர்வதேசத் தலைவலிச் சங்கம் 2018இல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, எரிச்சலோ மாறுபட்ட உணர்வோ ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல், மூன்று மாதங்களுக்கு மேலாகத் தினமும் வந்து, வாயின் தோல் பார்வைக்கு இயல்பாக இருந்து, வேறு காரணம் எதுவும் பொருந்தாவிட்டால் இந்நோய் என்று கொள்ளலாம். எல்லாவற்றையும் விலக்கிய பிறகே இந்த முடிவுக்கு வர வேண்டும் என்பதால்தான் மேற்சொன்ன படிகள் அத்தனையும் தேவைப்பட்டன. இதேபோல் 'எல்லாம் நார்மல்' என்று வந்த சோதனை முடிவுகளை முன்பு வேறோரிடத்தில் காட்டியபோது, நோயே இல்லை என்பதற்கான சான்றாக அவை என்னிடம் திருப்பித் தரப்பட்டன. இங்கே அவை நோயைக் கண்டறிந்ததற்கான சான்றாக ஏற்கப்பட்டன. இந்தச் சேவையின் உயிர்நாடி இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

அடுத்து நடந்த விளக்கத்துக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். மருத்துவர் ஒரு தாளில் நாக்கை வரைந்து, அதன் முன்பக்க மூன்றில் இரு பங்குக்குத் தொடுதல், சூடு, வலி ஆகிய உணர்வுகளைக் கொண்டுசெல்வது, முகத்தின் உணர்வுகளுக்கான முக்கிளை நரம்பிலிருந்து பிரியும் நாநரம்பு என்றும், அதே பகுதியின் சுவையைக் கொண்டுசெல்வது முகநரம்பிலிருந்து பிரியும் கோர்டா டிம்பானி என்ற மெல்லிய நரம்பு என்றும், இவ்விரண்டும் வழியில் ஒன்றுசேர்ந்து நாக்குக்குள் நுழைகின்றன என்றும் காட்டினார். இத்தாலிய ஆய்வாளர்கள் 2005இல் இந்நோயாளிகளின் நாக்கிலிருந்து நுண்ணிய திசுத் துணுக்குகளை எடுத்துப் பார்த்தபோது, மேல்தோலில் உள்ள மிக நுண்ணிய நரம்பு இழைகள் ஆரோக்கியமானவர்களிடம் இருப்பதைவிடக் கணிசமாகக் குறைந்திருப்பதைக் கண்டார்கள். அதாவது, பார்வைக்கு ஒன்றுமில்லாத அந்த நாக்கில் நுண்ணோக்கிக்குத் தெரியும் சேதம் இருக்கிறது. பின்லாந்து ஆய்வாளர்கள் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்து, வலியைத் தணிக்கும் பாதைகளில் பங்குவகிக்கும் டோபமின் என்னும் மூளை வேதிப்பொருளின் அமைப்பு செயல்படுவது சில நோயாளிகளிடம் குறைந்திருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். எனவே சிலருக்குக் கோளாறு நாக்கில் உள்ள நரம்பு நுனிகளில் இருக்கலாம், சிலருக்கு மூளையில், சிலருக்கு இரண்டிலும் இருக்கலாம். ஒருவருக்குக் கேட்கும் மருந்து மற்றொருவருக்குக் கேட்காமல் போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்.

சுவைக்கும் வலிக்கும் உள்ள உறவையும் விளக்கினார். இயல்பான நிலையில் சுவை நரம்பு அனுப்பும் செய்திகள் வலி நரம்பை ஓரளவு அடக்கிவைக்கின்றன. சுவை நரம்பு பலவீனமானால் அந்தக் கட்டுப்பாடு தளர்கிறது, வீட்டில் மூத்தவர் இல்லாதபோது பிள்ளைகளின் சத்தம் கூடிவிடுவதைப் போல என்று அவர் சொன்னார். இது இன்னும் ஒரு கருதுகோளாகவே உள்ளது என்பதையும் மறைக்கவில்லை. ஆயினும் உண்ணும்போது எரிச்சல் தணிவதும், காரணமில்லாமல் நாவில் கசப்புத் தோன்றுவதும் இந்த விளக்கத்துடன் பொருந்திப் போகின்றன. இந்நோய் தொற்றாது, புற்றுநோயாக மாறாது, முத்தத்தாலோ பாத்திரத்தாலோ பரவாது என்று நான் கேட்காமலேயே சொன்னார். நோயாளிகள் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் தருவது நல்ல சேவையின் அடையாளம்.

அன்றாடப் பொருட்களைப் பற்றிய ஆலோசனை சுருக்கமாகவும் நடைமுறைக்கு ஏற்றதாகவும் இருந்தது. நுரைக்காகச் சேர்க்கப்படும் சோடியம் லாரில் சல்பேட் இல்லாத, இலவங்கப்பட்டை மணமும் கடுமையான புதினா மணமும் இல்லாத பற்பசைக்கு மாறச் சொன்னார்கள். ஆல்கஹால் கலந்த வாய்க்கழுவியை முற்றிலும் நிறுத்தச் சொன்னார்கள். பற்பசையை மாற்றியது என் எரிச்சலைப் போக்கவில்லை, ஆனால் பல் துலக்கிய பின் வரும் கூடுதல் உறுத்தலைப் போக்கியது. ஃபுளோரைடு உள்ள பற்பசையாகவே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற நினைவூட்டல் முக்கியமானது. எரிச்சலுக்குப் பயந்து வெறும் நீரால் வாய் கொப்பளித்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சொத்தைப் பல் கூடுதல் துன்பமாக வந்துசேரும். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மை மெல்வதும், குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாகப் பருகுவதும், நாக்கைப் பற்களின் மீது அழுத்தித் தேய்க்கும் பழக்கம் உண்டா என்று கவனித்து, இருந்தால் அதைக் கைவிடுவதும் சிறிய உதவிகள். சிறியவை என்பதற்காக ஒதுக்க வேண்டியவை அல்ல.

மருந்துகளில் முதலில் தரப்பட்டது குளோனசிபாம். இது வலிப்பு நோய்க்கும் பதற்றத்துக்கும் பயன்படும் மருந்து. இங்கே விழுங்குவதற்காக அன்றி, வாயில் வைத்துச் சப்புவதற்காகத் தரப்படுகிறது. பிரான்சில் நடந்து 2004இல் வெளிவந்த ஆய்வில், 1 மில்லிகிராம் மாத்திரையை எரியும் இடத்தருகே வைத்துச் சப்பி, உமிழ்நீரை மூன்று நிமிடம் வாயிலேயே நிறுத்திப் பின் துப்பிவிடும்படி, நாளுக்கு மூன்று முறை, இரண்டு வாரங்களுக்குச் சொல்லப்பட்டது; மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்துக்கொண்டவர்களைவிட இவர்களுக்கு எரிச்சல் குறைந்தது. இந்த அளவைப் படித்துவிட்டு யாரும் தாமாகவே தொடங்கக் கூடாது. துப்பினாலும் மருந்தின் ஒரு பகுதி உடலில் சேர்கிறது. தூக்கக் கலக்கம், தடுமாற்றம், முதியோருக்கு விழும் ஆபத்து, நாளடைவில் மருந்துக்குப் பழகிப்போதல் ஆகியவை உண்மையான அபாயங்கள், திடீரென்று நிறுத்துவதும் தவறு. என்னிடம் இவற்றையெல்லாம் சொல்லி, வாகனம் ஓட்டுவதுண்டா, மது அருந்துவதுண்டா, வேறு தூக்க மாத்திரைகள் உண்டா என்று கேட்டு, குறைந்த அளவில் தொடங்கினார்கள். எனக்கு இது பயன் தந்தது. எரிச்சல் போய்விடவில்லை, மாலை நேர உச்சம் தாங்கக்கூடிய அளவுக்கு இறங்கியது, அந்த நேரத்தில் ஒருவருடன் அமர்ந்து பேசவோ ஏதேனும் படிக்கவோ இப்போது முடிகிறது. முன்பு அந்த நேரம் முழுவதும் வலிக்கே போய்க்கொண்டிருந்ததால் இந்த மாற்றத்தை நான் சிறியதாகக் கருதவில்லை.

ஆல்பா லிப்போயிக் அமிலம் என்னும் மாத்திரை, இந்நோயாளிகள் ஒருவருக்கொருவர் அதிகம் சொல்லிக்கொள்ளும் ஒன்று. 2000ஆம் ஆண்டையொட்டி வந்த முதல் ஆய்வுகள் மிகுந்த நம்பிக்கை தந்தன. பிறகு வெற்று மாத்திரையுடன் ஒப்பிட்டு நடந்த பல ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. நான் அதைக் கேட்டபோது மருத்துவர் மறுக்கவும் இல்லை, புகழவும் இல்லை. சான்று இருபக்கமும் இருக்கிறது என்று சொல்லி, சிலருக்கு அது இரத்தச் சர்க்கரையைக் குறைக்கலாம் என்று எச்சரித்து, குறிப்பிட்ட காலம் முயன்று பலன் இல்லையெனில் நிறுத்திவிட வேண்டும் என்று வரையறுத்தார். எனக்குப் பலன் தெரியவில்லை, நிறுத்திவிட்டேன். இந்நோய்க்கான சிகிச்சைகளைத் தொகுத்து 2016இல், மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுரை 23 ஆய்வுகளைப் பரிசீலித்து, எந்த ஒரு சிகிச்சையையும் உறுதியாக ஆதரிக்கவோ நிராகரிக்கவோ போதுமான சான்று இல்லை என்ற முடிவுக்கு வந்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை முடிவுகள் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும் அபாயம் மிகுந்தவை என்றும் கணித்தது. இதை ஒரு மருத்துவப் பிரிவு தன் நோயாளியிடம் வெளிப்படையாகச் சொல்வது அரிது. எரிச்சலை ஒரே மாதத்தில் போக்குவதாகச் சொல்லும் விளம்பரங்களுக்கு நடுவில் இந்த நேர்மை எனக்கு மருந்துக்கு நிகராகத் தோன்றியது. நரம்பு வலிக்குத் தரப்படும் கபாபென்டின், நார்டிரிப்டிலின் மாத்திரைகள், மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் கலந்த கழுவி ஆகியவை பிற்பாடு தேவைப்பட்டால் முயலலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் இன்னும் அவற்றை முயன்றதில்லை என்பதால் மதிப்பிட இயலாது.

உளவியல் ஆலோசனைக்கு அனுப்பிய விதத்தில் எனக்கு வருத்தம் உண்டு. அனுப்பியது சரி, நீடித்த வலி தூக்கத்தையும் மனத்தையும் குலைக்கிறது, குலைந்த மனம் வலியை இன்னும் உரக்கக் கேட்கிறது, எண்ணம் சார் நடத்தைச் சிகிச்சை இந்நோயில் எரிச்சலைக் குறைத்ததாக 1995இலேயே ஸ்வீடனில் ஆய்வு வெளிவந்திருக்கிறது. ஆனால் அந்தப் பரிந்துரையை ஒரு பயிற்சி மருத்துவர் விளக்கம் எதுவும் இன்றிச் சீட்டாகக் கையில் கொடுத்தார். பல இடங்களில் 'மனப்பிரமை' என்று கேட்டு வந்தவருக்கு அந்தச் சீட்டு என்ன பொருள் தரும் என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். மூத்த மருத்துவர் விளக்கிய அதே பொறுமையுடன், "வலி உண்மை, அதைத் தாங்கும் வலுவைக் கூட்டுவதற்காகவே இது" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். ஆலோசகர் மிக நல்லவராக அமைந்தார். எரிச்சலைக் கவனித்துக்கொண்டேயிருப்பதை எப்படித் தளர்த்துவது, கண்ணாடியில் நாக்கை அடிக்கடி பார்க்கும் பழக்கத்தை எப்படிக் குறைப்பது என்பன போன்ற மிக நடைமுறையான விஷயங்களை அவரிடம் கற்றேன்.

மற்றக் குறைகளுக்கு வருகிறேன். இவ்வளவு சிறப்பாக விளக்கும் பிரிவிடம் வீட்டுக்கு எடுத்துச்செல்ல ஓர் அச்சிட்ட தாள்கூட இல்லை. மருத்துவர் வரைந்த படத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கேட்கத் தோன்றாதவர் பாதியை மறந்துவிடுவார், வீட்டாருக்கு விளக்கவும் அவரால் முடியாது. இதைவிட அபாயமானது மருந்தகத்தில் நேர்வது. சப்பித் துப்ப வேண்டிய மாத்திரையின் உறையில் 'உணவுக்குப் பின் ஒன்று' என்று வழக்கம்போல் எழுதித் தந்தார்கள். மருத்துவர் சொன்னது நினைவில் இல்லாதவர் அதை விழுங்கியிருப்பார். நாக்குக்குக் கிடைக்க வேண்டிய மருந்து கிடைக்காமல் தூக்கக் கலக்கம் மட்டுமே மிஞ்சியிருக்கும். சீட்டிலேயே 'விழுங்கக் கூடாது, சப்பித் துப்பவும்' என்று பெரிய எழுத்தில் எழுதுவதற்கு எந்தச் செலவும் ஆகாது. மறுசந்திப்புகளுக்கு இடையிலான காலமும் மிக நீளம். பழகிப்போகும் தன்மையுள்ள மருந்தைத் தொடங்கிவைத்தவர்கள், தொடக்கத்தில் சில வாரங்களுக்குள் ஒருமுறை தொலைபேசியிலாவது விசாரிக்க வேண்டும். நான் வலியின் அளவைப் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பிட்டுக் காலை, பிற்பகல், இரவு என்று குறித்துவைத்ததை மறுசந்திப்பில் ஆர்வத்துடன் பார்த்தார்கள். அப்படியொரு குறிப்பேட்டை அவர்களே முதல் நாளில் தந்திருக்கலாம்.

காத்திருப்பு நேரம் நீண்டது. ஆனால் உள்ளே ஒவ்வொருவருக்கும் அவ்வளவு நேரம் தருவதால்தான் அப்படி ஆகிறது என்று தெரிந்ததால் நான் அதைக் குறையாகக் கொள்ளவில்லை.

இத்தகைய பிரிவுக்குச் செல்ல விரும்புவோர், பல் மருத்துவமனைகளிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் 'வாய் மருத்துவம்' அல்லது 'ஓரல் மெடிசின்' என்ற பெயரில் விசாரிக்கலாம். உட்கொள்ளும் அனைத்து மருந்துகளின் பட்டியல், பழைய இரத்தப் பரிசோதனைகள், பயன்படுத்தும் பற்பசையின் உறை, பல்செட் இருந்தால் அது, எரிச்சல் எந்த நேரத்தில் எப்படி இருக்கிறது என்ற சில நாள் குறிப்பு ஆகியவற்றை எடுத்துச்செல்வது முதல் சந்திப்பின் பயனைக் கூட்டும். எரிச்சல் ஒரு பக்கம் மட்டும் இருப்பவர்கள், உதடோ நாக்கோ மரத்துப்போனவர்கள், இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாத புண்ணோ வெள்ளை, சிவப்புத் திட்டோ கட்டியோ வாயில் உள்ளவர்கள், விழுங்குவதில் சிரமமோ காரணமில்லாத எடைக் குறைவோ உள்ளவர்கள் இந்த மதிப்புரையில் சொன்ன எரிச்சலுக்கு உரியவர்கள் அல்லர். வழக்கமான முன்பதிவு வரிசைக்காகக் காத்திராமல் அவர்கள் உடனடியாக மருத்துவரைப் பார்க்க வேண்டும். நான் சென்றுவரும் பிரிவில் அத்தகையோரை முன்பதிவு மேசையிலேயே கேட்டறிந்து அன்றே உள்ளே அனுப்புகிறார்கள்.